எஸ்எஸ்ஹெச் உள்நுழைவுக் கோளாறுகள்

மேசைக் கணினியிலிருந்து மறையாக்கப்பட்ட இணைப்பில் தொலைக்கணினிக்குள் நுழையும்போது நேரும் தடைகள். எஸ்எஸ்ஹெச் நெறிமுறையை 1995-இல் பின்லாந்தின் தாத்து உலோனென் உருவாக்கினார். வழக்கமான போர்ட் 22. புணே நகரில், ஐசர் அறிவியல் கல்வி நிறுவன வளாகத்துப் பரம் பிரம்மா மீக்கணினியையும் பயனர்கள் இவ்வழியே அணுகுகின்றனர்.

பிழைச்செய்தியே முதல் தடயம். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ எனில் பெரும்பாலும் அந்த போர்ட்டில் சேவை இயங்கவில்லை. ‘டைம்டு அவுட்’ எனில் ஃபயர்வால் அல்லது முகவரியைச் சரிபார்க்க வேண்டும். ‘பெர்மிஷன் டினைட்’ பயனர்பெயர், கடவுச்சொல், சாவி சார்ந்தது. லினக்ஸில் தனிச்சாவிக் கோப்பைப் பிறரும் படிக்க முடிந்தால் நிரல் அதை ஏற்காது, அனுமதியை 600 ஆக்கினால் சரியாகும்.

மிகக் கவனம் வேண்டுவது, சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டதென்னும் எச்சரிக்கை. சர்வரில் இயங்குதளத்தை மறுபடி நிறுவியிருந்தாலும் இது வரும். இடையில் ஒருவர் ஒட்டுக்கேட்க முயன்றாலும் வரும். நிர்வாகியிடம் தொலைபேசியில் புதிய சாவியின் கைரேகை எண்ணை (ஃபிங்கர்பிரின்ட்) ஒப்பிடாமல், நம் கணினியிலுள்ள பழைய சாவிப் பதிவை நீக்கக் கூடாது.