அடிக்கு ஒரு அங்குலம்

சக்கர நாற்காலி ஏறிப்போகும் சாய்தளத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு பங்கு உயரம் ஏற, குறைந்தது பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். அரசாங்கக் காகிதத்தில் இது 1:12. மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் இதையே ‘அடிக்கு ஒரு இஞ்ச்’ என்றால் போதும், ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தச் சின்ன எண் அறுபது வருஷத்துக்கும் மேலாக நாடு நாடாகச் சுற்றி, இப்போது கட்டட மாடலைச் சோதிக்கும் மென்பொருளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தாளில் இருந்தவரை பத்திரமாக இருந்த விதி, மென்பொருளுக்குள் போகும்போதுதான் தவறிப்போகும் ஆபத்து அதிகம். அதனால் அதன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்த இடம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பியவர்கள் படிக்க வழிசெய்ய, 1948-ல் திமோதி நுஜென்ட் என்பவர் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் வரும் மாணவர்களால் எந்தச் சரிவில் தாங்களாகவே ஏற முடிகிறது, எந்த அகலக் கதவில் நுழைய முடிகிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அனுபவம், 1961-ல் ஏ117.1 என்ற அமெரிக்கத் தரமாக வெளிவந்தது. கையடக்கமான அந்தத் தரத்தில்தான் அடிக்கு ஓர் அங்குலம் என்ற சரிவு அச்சேறியது. அடியும் அங்குலமும் புழங்கும் நாட்டில் உருவான எண் என்பதால்தான் இன்றும் நம் மேஸ்திரிகளின் வாயில் அது அவ்வளவு சுலபமாக உட்காருகிறது.

அதே பல்கலைக்கழகத்தில், ஐந்தே ஆண்டு கழித்து, 1966-ல் ஸ்டீவன் ஃபென்வெஸ் என்ற கட்டுமானப் பொறியியல் பேராசிரியர் வேறொரு காரியம் செய்தார். விதிநூலின் நீண்ட வாக்கியங்களை ‘இந்த நிபந்தனை இருந்தால் இந்த முடிவு’ என்ற அட்டவணைகளாகப் பிரித்து, கணினி படிக்கும்படி ஆக்கலாம் என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது கட்டமைப்பு வடிவமைப்பு விதிகள், சாய்தளம் அல்ல. ஆனாலும் ஒரே வளாகத்தில் பிறந்த இந்த இரண்டும் பிற்பாடு ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

சேர்வதற்கு நாளாயிற்று. சிங்கப்பூர் 1995-லேயே கோர்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கி, கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தைக் கணினியே சோதிக்கும்படி செய்ய முனைந்தது. ஆனால் அங்கே விதிகள் நிரலாகவே எழுதப்பட்டன. ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானால் நிரலாளரிடம் போக வேண்டும். 1999-ல் ஹெல்சின்கியில் தொடங்கிய சொலிப்ரி நிறுவனத்தின் வழி வேறு. விதியின் வார்ப்பை மட்டும் அவர்கள் தருவார்கள். எந்தப் பொருளை, எந்த அளவை, எந்த வரம்போடு ஒப்பிடுவது என்பதைக் கட்டடக்கலைஞரே நிரப்பிக்கொள்ளலாம். அப்படி நிரப்பிய விதிகளைத் தொகுத்து வைப்பதுதான் ரூல் செட். சி-செட் என்று முடியும் ஒரு சிறிய கோப்பு. மின்னஞ்சலில் அனுப்பலாம், அடுத்த கட்டடத்துக்கும் எடுத்துப் போகலாம்.

இந்தியாவுக்கு 1:12 வந்தது சட்டத்தின் வழியே. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம், 1998-ல் மத்தியப் பொதுப்பணித் துறையின் வழிகாட்டி, பிறகு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016-ன் மாதிரிக் கட்டடத் துணைவிதிகள், அதே ஆண்டின் உரிமைகள் சட்டம் என்று படிப்படியாக இறங்கியது. மாதிரித் துணைவிதிகளில் அது தனியாக இல்லை, குடும்பத்தோடு இருக்கிறது. சாய்தளத்தின் அகலம் 1800 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீளம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கமும் 800 மில்லிமீட்டர் உயரத்தில் கைப்பிடி வேண்டும், அந்தக் கைப்பிடி மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். சாய்தளம் முடிந்த இடத்திலும் பிடித்து நிற்க ஏதாவது வேண்டும் என்பதை யோசித்தவர்கள் எழுதிய வரி அந்தக் கடைசி 300. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தபோது, சென்னை மாநகராட்சிக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும் மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கும் ஒரே விதிநூல் கையில் கிடைத்தது.

இனி சென்னைக்குள் வருவோம். தி. நகரில் உள்தெரு ஒன்றில் அரை கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1200 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது. அதில் ஒரு கண் மருத்துவர் கிளினிக் கட்டுகிறார். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர், பேஸ்மட்டத்தை மூன்று அடி தூக்கச் சொல்கிறார். மூன்று அடிக்கு அங்குலம் முப்பத்தாறு. ஆக சாய்தளம் முப்பத்தாறு அடி. 9 மீட்டர் என்பது ஏறக்குறைய முப்பது அடி, எனவே நடுவில் ஓர் ஓய்வுமேடை வேண்டும். அதற்கு ஐந்து அடி சேர்த்தால் நாற்பத்தொன்று. மனையின் ஆழமே நாற்பதுதான். மடக்கிப் போட வேண்டும். மடக்கினால் இரண்டு ஓட்டங்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு அடி அகலம் போகும், முப்பது அடி முகப்பில். இந்த உண்மை எப்போது தெரியவருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால், மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு செங்குத்துச் சரிவைப் போட்டு, கேட்டுக்கு வெளியே நடைபாதையில் அதன் மூக்கை நீட்டிவிடுவார்கள். நம் தெருக்களில் இதைப் பார்க்காதவர் யார்? மாடலிலேயே தெரிந்தால் ஒரு சுவரை நகர்த்த ஐந்து நிமிடம் போதும், பேஸ்மட்டத்தைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்கும்.

நம் ஊரில் அனுமதிக்குக் கொடுப்பது இன்னும் பெரும்பாலும் கோட்டு வரைபடம்தான். புணே சாஃப்ட்டெக்கின் ஆட்டோடிசிஆர் போன்ற மென்பொருள்கள் கோடுகள் எந்த லேயரில் இருக்கின்றன என்று பார்த்து அவற்றுக்குப் பொருள் கொள்கின்றன. மாடல் அப்படியல்ல. அதில் சுவர் தன்னைச் சுவர் என்றே சொல்லும், கதவு தன்னைக் கதவு என்றே சொல்லும். பல மென்பொருள்களுக்கும் பொதுவான ஐஎஃப்சி என்ற வடிவத்தில் ஏற்றுமதி செய்தால் சாய்தளத்துக்கென்று ஒரு வகை, அதன் சரிவுக்கென்று ஒரு பண்பு எல்லாம் உண்டு. அடையாறிலும் தி. நகரிலும் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாடல் செய்துகொடுக்கும் அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு இது அன்றாட வேலை. அவர்கள் கையில்தான் இப்போது இந்த விதி இருக்கிறது.

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சொலிப்ரியில் ரூல் செட் மேலாளரைத் திறந்து, விதி நூலகத்திலிருந்து ஒரு பொது வார்ப்பை இழுத்து நம் தொகுப்புக்குள் போடுகிறோம். வடிகட்டி அட்டவணையில் ஒரு வரி: பொருள் சாய்தளம், பண்பு சரிவு, ஒப்பீடு ‘இதற்குள் அல்லது சமம்’. அடுத்த கட்டம் மதிப்பு. இங்கே என்ன தட்டச்சு செய்வது?

ரெவிட் என்ற மாடல் மென்பொருளில் சாய்தளம் வரைந்தவர் அதன் வகையில் 12 என்று பார்த்திருப்பார். அங்கே ஒன்றின் கீழ் எத்தனை என்பதுதான் கேள்வி. வழிகாட்டி நூல்களைப் படித்தவர் மனதில் 8.33 இருக்கும், ஏனென்றால் 1:12 என்பது 8.33 சதவீதம். ஐஎஃப்சியிலோ சரிவு என்பது கோணம். 1:12-க்கு 4.76 பாகை. ஒரே சரிவுக்கு மூன்று எண். பாகை கேட்கும் கட்டத்தில் 8.33 என்று அடித்துவிட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்ளும். 8.33 பாகை என்றால் ஏறத்தாழ 1:6.8. முப்பத்தாறு அடி நீள வேண்டிய சாய்தளம் இருபதரை அடியில் முடிந்துவிடும், பக்கத்தில் பச்சைக் குறியும் விழும். தள்ளிக்கொண்டு போகிறவருக்கே மூச்சு வாங்கும் சரிவு அது. கையால் உருட்டிக்கொண்டு தனியாக வருகிறவர் பின்னால் சாய்ந்து விழலாம்.

சரியான எண்ணைப் போட்டாலும் வேலை முடியவில்லை. துல்லியக் கணக்கில் 1:12-ன் கோணம் 4.7636. வரம்பு 4.76 என்று நிறுத்தினால், கச்சிதமாக வரைந்த சாய்தளத்தையே மென்பொருள் தள்ளிவிடும். இப்படி நாலு பொய்ப் புகார் வந்தால் அலுவலகத்தில் யாரும் அந்த விதியை மதிக்கமாட்டார்கள். ஐந்தாவது புகார் நிஜமாக இருந்தாலும் மூடிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் இடைவெளி கொடுத்து 4.77 என்று வைப்பதே நல்லது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. நிறையப் பேர் சாய்தளத்தைச் சாய்தளக் கருவியால் வரைவதில்லை. தளம் ஒன்றைப் போட்டு, அதைச் சாய்த்துவிடுகிறார்கள், வேகமாக முடியும். ஏற்றுமதியில் அது ஸ்லாப் என்றே போகும். விதி சாய்தளத்தைத் தேடும், ஒன்றுகூடக் கிடைக்காது, ‘சோதிக்க எதுவும் இல்லை’ என்று கோடு போட்டுவிட்டு நகரும். அவசரத்தில் பார்ப்பவருக்கு அதுவும் தேர்ச்சி மாதிரித்தான் தெரியும். ஆகவே சரிவு விதிக்கு முன்னால் இன்னொரு விதி காவலுக்கு நிற்க வேண்டும்: நுழைவாயிலுக்கும் வெளித்தரைக்கும் உயர வித்தியாசம் இருந்தால், அங்கே சாய்தளம் என்று வகைப்படுத்திய பொருள் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கூடவே, சாய்வாகக் கிடக்கும் ஸ்லாப்புகளைப் பிடித்துச் சாய்தளப் பட்டியலில் சேர்க்கும் வகைப்பாடும் வேண்டும்.

கதவு விஷயத்திலும் இதே கதை. ஐஎஃப்சியில் கதவின் மொத்த அகலம் நிலையையும் சேர்த்த அளவு. நாற்காலி நுழையும் இடைவெளி அதைவிடக் குறைவு. இடைவெளி 900 மில்லிமீட்டர் வேண்டும் என்கிற விதியை மொத்த அகலத்தோடு ஒப்பிட்டால், சக்கரம் நிலையில் முட்டும்.

ரூல் செட் எழுதுகிறவர் சட்டத்தின் கடைசி வரியை எழுதுகிறார் என்றே நான் நம்புகிறேன். அவர் பெயர் எந்த அரசாணையிலும் வராது. பெரும்பாலும் அலுவலகத்தில் வயதில் சிறியவர். பழைய கட்டடத்தின் கோப்பை எடுத்து, பெயரை மாற்றி, ஓடவிடச் சொல்லியிருப்பார்கள். அவருக்கு வேண்டிய மரியாதையும் நேரமும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் விளக்கம் எழுத இடம் இருக்கிறது. அதில் எந்த விதிநூல், எந்தத் தேதிப் பதிப்பு, எந்த அலகு என்று எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர் பிழைத்துக்கொள்வார். விதியை நம்புவதற்கு முன் நாலு குட்டி மாடல்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: சரியான சரிவு, கொஞ்சம் அதிகச் சரிவு, ஸ்லாப்பாக வரைந்தது, சாய்தளமே இல்லாதது. தெரிந்தே தப்பாக வரைந்த மாடலைப் பிடிக்காத விதி, தெரியாமல் செய்த தப்பை எப்படிப் பிடிக்கும்?

இன்னொரு கட்டமும் உண்டு, தீவிரம். ஒரு மீறல் கடுமையானதா, நடுத்தரமா, லேசானதா என்று தேர்ந்தெடுக்கலாம். சிவப்பா மஞ்சளா என்பது அங்கே முடிவாகிறது. பார்க்க அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது இதே கேள்வியைத்தான். அணுகுதன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரையாக நிற்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, அதற்கு இடம் கொடுத்த, அச்சட்டத்தின் கீழான 15(1) விதியை நீதிமன்றம் செல்லாது என்றது. கட்டாய விதிகளைத் தனியே வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. சாய்தளத்தின் சரிவை ‘லேசானது’ என்று வைத்திருக்கும் ரூல் செட் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் இன்றைக்கே திறந்து திருத்த வேண்டும்.

இந்த விதியின் நிஜமான சொந்தக்காரர்கள் தூரத்தில் இல்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் அமைப்பு 1985-ல் தொடங்கியது. சக்கர நாற்காலியில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கிருந்து கல்லூரிக்கும் வேலைக்கும் போயிருக்கிறார்கள். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அவர்களைப் போன்றவர்கள் கடலருகே போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, பிறகு சரிசெய்தார்கள். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. நடைபாதை சமமாக இருக்கிறது, பல கடை வாசல்களில் படி அப்படியே இருக்கிறது.

சென்னைக்கென்று ஒரு ரூல் செட் எழுதினால் நான் சேர்க்கச் சொல்லும் விதி ஒன்று எந்த வெளிநாட்டுத் தொகுப்பிலிருந்தும் எடுக்க முடியாதது. நம் ஊரில் சாலை நிலையாக நிற்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, மயிலாப்பூரின் பழைய வீடுகள் பலவற்றில் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டினால் சாய்தளத்தின் அடிமுனை தெருவுக்கு மேலே இரண்டு அங்குலம் துருத்தி நிற்கலாம். சுரண்டாவிட்டால் அடிமுனை புதைந்து மழைக்குத் தண்ணீர் கட்டும். முன்சக்கரம் நின்றுபோக அந்த இரண்டு அங்குலம் போதும், மேலே சரிவு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும். ஆனால் மாடல்களில் சாலையே பெரும்பாலும் இருப்பதில்லை. மனையின் எல்லையோடு உலகம் முடிந்துவிடுகிறது. எனவே அந்த விதி இப்படி இருக்கட்டும்: மாடலில் சாய்தளம் இருந்தால், முன்னால் உள்ள சாலையும் அளந்த மட்டத்தோடு, அளந்த தேதியோடு இருக்க வேண்டும். சாய்தளத்தின் அடிமுனைக்கும் சாலைக்கும் இடையே உயர வித்தியாசம் பூஜ்யம். தீவிரம்: கடுமையானது.