அறுபதின்மான எண்முறையில் ஏழு

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியரும், அவர்களுக்குப் பின் வந்த பாபிலோனியரும் 60-ஐ அடிமானமாகக் கொண்டு கணக்கிட்டனர். ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி என்று நாம் இன்றும் எண்ணுவது அந்த முறையின் எச்சமே.

60 = 2 × 2 × 3 × 5. எனவே 2, 3, 5 ஆகிய பகா எண்களை மட்டும் காரணிகளாகக் கொண்ட எண்களால் 1-ஐ வகுத்தால் விடை மீதியின்றி முடியும். பதின்மானத்தில் 3-லேயே தொடங்கும் தொல்லை, அறுபதின்மானத்தில் 7 வரை தள்ளிப்போகிறது.

கடிகாரத்தை வைத்தே பார்க்கலாம். ஒரு மணியில் ஏழில் ஒரு பங்கு 8 நிமிடம் 34 வினாடி. மிஞ்சுவதை மீண்டும் அறுபது கூறாக்கினால் 17. அதன் பின் மறுபடி 8, 34, 17 என்றே சுழலும். பதின்மானத்தில் 142857 என ஆறு இலக்கங்களில் சுழல்வது இங்கே மூன்று இடங்களில் சுழல்கிறது. காரணம், 60 × 60 × 60-ல் ஒன்றைக் கழித்தால் வரும் 215999, 7-ஆல் மீதியின்றி வகுபடும்.

பாபிலோனியருக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. அவர்கள் பெரும்பாலும் நேரடியாக வகுப்பதில்லை. வகுக்கும் எண்ணின் தலைகீழியைப் பட்டியலில் பார்த்து, அதனால் பெருக்குவார்கள். கி.மு. 1800 அளவில் எழுத்துப் பள்ளி மாணவர்கள் இப்பட்டியலைக் களிமண் பலகைகளில் எழுதிப் பழகினர்: 2-க்கு 30, 3-க்கு 20, 4-க்கு 15, 5-க்கு 12, 6-க்கு 10. அடுத்து வருவது 8, அதற்கு 7,30. ஏழுக்கு இடமில்லை. சில பலகைகளில் ஏழுக்குத் தலைகீழி இல்லை என்றே குறிப்பு உண்டு. நம் வாய்ப்பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்!

இந்தத் தொல்லை இன்னும் பழையது. பண்டைய சுருப்பாக் நகரில் (இன்றைய ஃபாரா) கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 2500-ஐச் சேர்ந்த இரு பலகைகளில் ஒரே கணக்கு உள்ளது. ஒரு களஞ்சியத்தில் 11,52,000 சிலா பார்லி. ஆளுக்கு 7 சிலா. எத்தனை பேருக்கு வரும்? (சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர்.) ஒரு பலகை 1,64,571 பேர், மீதி 3 சிலா என்கிறது. மிகச் சரி. மற்றதில் 1,64,160 பேர். 411 பேருக்குப் பங்கு விட்டுப்போயிற்று. இவ்வளவு ஆட்கள் நிஜத்தில் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். ஏழால் வகுப்பது கடினம் என்பதாலேயே ஆசிரியர் அந்த எண்ணைத் தேர்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற்பாடு வேறொரு வழியும் பிறந்தது. ஒரு பலகை ஏழின் தலைகீழியை இரு எல்லைகளுக்குள் அடைக்கிறது: 8,34,16,59-ஐ விடப் பெரியது, 8,34,18-ஐ விடச் சிறியது. முதல் எண்ணை ஏழால் பெருக்கினால் 59,59,58,53. ஒன்றுக்குச் சற்றே குறைவு. இரண்டாவதைப் பெருக்கினால் 1,0,0,6, சற்றே அதிகம்.