கொட்டைக்குள் உறங்கும் புழு

கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி போடுகிறவர்கள் அஞ்சும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பழுப்பு அந்துப்பூச்சியின் புழுப்பருவம். 1842இல் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரிகளைக் கொண்டு, லண்டனில் சாண்டர்ஸ் என்ற பூச்சியியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நூல்கள் இதையே கண்டுபிடிப்பு என்கின்றன. என் கணிப்பில் இது பாதிக் கண்டுபிடிப்புதான். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்தில் காயைத் துளைத்து உள்ளே போய்விடும், துளையும் மூடிக்கொள்ளும். பருவம் முடிந்ததும் இரண்டு கொட்டைகளை இழையால் ஒட்டிக்கொண்டு அவற்றுக்குள்ளே மாதக்கணக்கில் உறங்கும். பூச்சியின் பலமே இந்த உறக்கம். இதன் ஆபத்தை எகிப்து அடிபட்ட பிறகே உலகம் உணர்ந்தது. 1906-07 வாக்கில் இந்தியப் பருத்தியோடு எகிப்துக்குப் போன புழு, 1911இல் எகிப்திய விதையோடு மெக்சிகோவுக்கும், 1917இல் டெக்சாசுக்கும் போய்விட்டது.

அப்படியானால் பெயர் வைத்தது வெறும் சடங்கா என்று கேட்கலாம். இல்லை. சம்சாரி வாயில் புள்ளிக் காய்ப்புழுவும் இதுவும் ஒரே 'காய்ப்புழு'தான். பரூச்சில் கண்டதும் டெக்சாசில் கண்டதும் ஒன்றே என்று சொல்லப் பெயர் வேண்டியிருந்தது. ஆனால் பெயர் ஒரு காயையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது, பருத்தியில்லாத இடைவெளி இருந்தால் உறக்கம் கலைந்து வரும் பூச்சியின் புழுக்கள் பட்டினியில் சாகும் என்ற அறிவு. சென்னை மாகாணம் 1919இல் கொண்டுவந்த பயிர்ப் பூச்சி-நோய்ச் சட்டத்தின்கீழ், கம்போடியா ரகப் பருத்திச் செடியைக் குறித்த நாளுக்குள் பிடுங்க வேண்டியிருந்தது. 2002இல், காய்ப்புழுவுக்கான நஞ்சைத் தானே உண்டாக்கும் பிடி பருத்தி வந்ததும் இந்தப் பாடம் மறந்துபோனது. 2010இல் குஜராத்தில் புழு அந்த நஞ்சையும் தாங்கிவிட்டது தெரியவந்தது. அதே பிடி பருத்தியோடு செடி அழிப்பையும் மலடாக்கிய பூச்சிகளை வயலில் விடுவதையும் சேர்த்துக் கையாண்ட அமெரிக்கா, 2018இல் தன் பருத்தி வயல்களில் புழு ஒழிந்ததாக அறிவித்தது.

மானாவாரிக்காரர் கோடை மழையில் வரும் கடைசிக் காய்களையும், அடுப்புக்கான பருத்திமாரையும் எப்படி விடுவார் என்ற கேள்வி நியாயமானது. நாலு காசு அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் காய்களில் தங்கும் புழுதான் அடுத்த ஆண்டின் முதல் பறிப்பைத் தின்கிறது. கணக்குப் பார்த்தால் நட்டமே மிச்சம். மாரை எரிக்க வேண்டியதில்லை. கடைசிப் பறிப்பு முடிந்ததும் காட்டில் ஆடுகளை மேயவிட்டு, மாரைப் பிடுங்கி, ஒட்டிய சொத்தைக் காய்களை உதிர்த்து அழித்துவிட்டு அடுக்குங்கள். ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன்; பக்கத்துக் காட்டுப் பூச்சிக்கு வரப்பு தெரியாது.