ஈயலும் ஈசலும்

மழை விட்ட அந்தியில் புற்றிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கிளம்பும் இறக்கை முளைத்த கறையானுக்கு ஈசல் என்று பெயர். சங்க நூல்களில் இது ஈயல். ‘ஈ’ என்னும் அடியோடு உறவுடையதாகக் கொள்ளப்படும் இச்சொல், மலையாளத்தில் ஈயல், ஈயாம்பாற்ற என இன்றும் யகரத்தோடே வழங்குகிறது.

தமிழ்ப் பேச்சில் யகரம் சகரமாவது பழகிய வழக்கம்: முயல் மொசல், உயிர் உசிர், உயரம் ஒசரம். இவை பேச்சோடு நின்றவை. மொசல் என்று சொல்பவரும் எழுதும்போது முயல் என்றே எழுதுவார். ஈசல் அப்படி நிற்காமல் ஏட்டிலும் ஏறிக்கொண்டது. வாயிலாவது வாசலோடு இன்னும் போட்டி போடுகிறது. ஈயலோ அகராதிக்குள் ஒடுங்கிவிட்டது.

புறநானூறு 119இல் கபிலர் பறம்பு நாட்டைப் பாடும்போதும், அகநானூறு 394இலும் ஈயல் உணவாக வருகிறது. முன்னதில் மோர், பின்னதில் தயிர் என இரண்டிலும் புளிப்புதான் துணை. ‘ஈயல் மூதாய்’ என்று அகநானூறு சொல்வது வேறோர் உயிர்: செம்பட்டுப் போர்த்தாற்போல மழைக்கு ஊர்ந்துவரும் தம்பலப்பூச்சி. மழைக்காலம் தவிர, ஈயலுக்கு மூதாய் என்ற இந்தப் பாட்டியோடு ஒட்டுறவு ஏதுமில்லை.

இறக்கையில்லாத கறையானுக்குச் சிதல், சிதலை, செல் எனத் தனிப் பெயர்கள் இருந்தன. செல் இன்று ‘செல்லரித்த’ ஏடுகளில் மட்டும் பிழைத்திருக்கிறது. பெயர் வேறானதால் பூச்சியும் வேறு என்று நினைப்பவர் பலர். பூச்சி ஒன்றே, வேலைதான் வேறு. நிலக்கடலையையும் கரும்புக் கரணையையும் தென்னங்கன்றையும் அரிப்பது புற்றின் வேலைக்காரக் கறையான். ஈசல் பயிரைத் தொடுவதில்லை. பறந்து, இறக்கை உதிர்த்து, இணை சேர்ந்து மண்ணுக்குள் போவதே அதன் வேலை. காக்கைக்கும் பல்லிக்கும் தப்பிய சில இணைகளே புதுப் புற்றுக்கு ராஜா, ராணி.

பறக்கும் ஈசலை விளக்கொளி இழுக்கும். ஏரிப் பாசன நெல்வயலும் மேட்டுப் புன்செயும் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் பெருகின. சிப்காட் தொழிற்பேட்டைச் சாலைகளிலும் மதிற்சுவர்களிலும் இரவு முழுக்க விளக்கு எரிகிறது. புற ஊதாவும் நீலமும் மிகுந்த ஒளி பூச்சிகளை வெகுவாக இழுக்கும். மஞ்சள் ஒளிக்கு அந்த இழுவை குறைவு. மழை இரவில் வெள்ளை விளக்கடியில் நிற்பவரின் சட்டைக்காலருக்குள்ளும் டீ கிளாசுக்குள்ளும் ஈசல் விழும். விடிந்ததும் காவலர் அறை வாசலில் கிடக்கும் இறக்கைக் குவியலைப் பெருக்குவது எளிதல்ல. ஓர் ஈசலுக்கு நான்காக, ஒரே நீளத்தில் மெழுகுத்தாள் போலிருக்கும் அவை துடைப்பம் பட்டதும் எழுந்து பறக்கும், ஈரத்தரையானால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வீடுகளில் மற்ற விளக்குகளை அணைத்து, எரியும் ஒன்றின் கீழ் தண்ணீர்த் தட்டு வைப்பார்கள்.

ஈசல் பிடிப்பதும் இதே உத்திதான். புற்றருகே குழி தோண்டி விளக்கேற்றினால் குழி நிறையும். இருளர் உள்ளிட்ட பலர் அதை இறக்கை புடைத்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்பது வழக்கம்.

ஈசல் கிளம்புவதைப் ‘பூத்தது’ என்றும் சொல்வதுண்டு. அந்தியில் பூத்தால் அடைமழை என்பது ஊர்க் கணக்கு. பத்திரிகைத் தமிழில் வீட்டுமனை நிறுவனங்கள் ‘ஈசல் போல’ பெருகும், இல்லையேல் ‘காளான் போல’ முளைக்கும். கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்துதான் மழைக்குப் பின் புற்றுக்காளான் எழுகிறது. இரண்டு உவமையும் ஒரே புற்றிலிருந்து வந்தவை.