தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம்: நிர்வாக மாற்றங்கள்

முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்பது ஆதரவற்ற முதியோருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டமாகும். இந்தியாவில் இதை 1957-இல் உத்தரப் பிரதேசம் தொடங்கியது. அன்றைய சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 அன்று மாதம் 20 ரூபாயுடன் இது நடைமுறைக்கு வந்தது. பின்னர் மாற்றுத்திறனாளிகள் (1974), கைம்பெண்கள் (1975), விவசாயத் தொழிலாளர்கள் (1981), கணவரால் கைவிடப்பட்டோர் (1986) ஆகியோருக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன.

மத்திய அரசின் பங்கு

1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 65 வயது கடந்த ஏழைகளுக்கு மத்திய அரசு மாதம் 75 ரூபாய் வழங்கியது. ஊரக வளர்ச்சி அமைச்சகம் நடத்திய இத்திட்டம் 2002-03-இல் மாநிலத் திட்டமாக மாற்றப்பட்டது. 2007-இல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. 2014-15-இல் மீண்டும் மத்திய நிதியுதவித் திட்டமானது. 2011-இல் தகுதி வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் 80 வயதுக்குட்பட்டோருக்கான மத்தியப் பங்கு 200 ரூபாயாகவே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் ஓய்வூதியம் 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தபோது, கூடுதல் செலவை மாநில அரசே ஏற்றது.

கிராம அளவில்

தமிழ்நாட்டில் பயனாளிகளைத் தேர்வு செய்வது வருவாய்த் துறையின் பணி. அத்துறைக்குள்ளும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1980-இல் கிராம அதிகாரிகளான மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்பட்டன. அவ்விடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த, திராட்சை விளையும் ஓடைப்பட்டி போன்ற ஊர்கள் 1996 வரை மதுரை மாவட்ட நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அதன்பின் தேனி மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் வந்தன. விசாரணை ஊரிலும், ஆணை வட்ட அளவிலும் என்ற முறை மட்டும் தொடர்ந்தது.

பணம் வழங்கும் முறை

பயனாளிகளை நேரடியாகத் தொட்ட மாற்றம் பணம் வந்துசேரும் வழியில் நிகழ்ந்தது. நெடுங்காலம் தபால்காரர் மணியார்டரை வீட்டு வாசலில் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ பெற்றுச் சென்றார். 2010-களில் இப்பொறுப்பு வங்கிகளுக்கும் அவற்றின் முகவர்களுக்கும் மாறியது. பணம் பயனாளியின் சொந்தக் கணக்கில் சேர்ந்ததால் இடைத்தரகுக்கு வாய்ப்புக் குறைந்தது. ஆனால் காடுகழனிகளில் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காதபோது, கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வராத நிலை ஏற்படுகிறது. அப்போது வங்கிக்குச் செல்வதா, வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்வதா என்பது முதியவருக்குத் தெளிவாவதில்லை. பொறுப்பு பல துறைகளுக்குப் பிரியும்போது, குறைகேட்கும் இடமும் ஊரளவில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையே இத்திட்டத்தின் வரலாறு காட்டுகிறது.