ஜூலை 14 முதல் ஆகஸ்டு 16 வரை

இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கடற்கரையில் நடக்கும்போது இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 14 தொடங்கி ஆகஸ்டு 16 முடிய நம் ஊரில் மூச்சு விட நேரம் இருக்காது. பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இறங்கும் காலம் அது. கல்யாணம், காதுகுத்து, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் இந்த ஒரு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். என் பள்ளிக்கூட நண்பனும் வந்திருந்தான். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். முழங்கால் தேய்ந்துவிட்டது. கையில் தடியோடு வந்தான்.

முதல் வேலையாக என்னை ஜூலை 14 அன்று காலையில் போர் வீரர் நினைவுச் சின்னத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் உயிர்விட்ட நம் ஊர்க்காரர்களுக்காக 1938இல் திறக்கப்பட்டது அது. முந்தின நாள் மாலை விளக்கு ஊர்வலம் போயிற்று. மறுநாள் பிரெஞ்சு கான்சல் ஜெனரல் மலர் வளையம் வைத்தார். நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு பழைய சொல்தாக்கள் வரிசையாக நின்றார்கள். முன்பெல்லாம் அந்த வரிசை நீளமாக இருக்கும். இப்போது தலைகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

இரண்டு நாட்டுக் கீதங்களும் ஒலித்தன. 'மார்செய்யேஸ்' 1792இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ரூஜே தெ லீல் என்ற ராணுவ அதிகாரி ஒரே இரவில் எழுதிய போர்ப் பாட்டு. மார்செய் நகரத்துத் தொண்டர் படை பாடிக்கொண்டே பாரிசுக்குள் நுழைந்ததால் அந்தப் பெயர் வந்தது. நம் 'ஜன கண மன' 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடப்பட்டு, 1950இல் தேசிய கீதமானது. நானும் அவனும் இரண்டையும் ஒரே பள்ளிக்கூட முற்றத்தில் கற்றவர்கள். இந்த முறையும் இரண்டையும் முணுமுணுத்தோம். பக்கத்தில் நின்ற என் பேரன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

அவனுக்கு விளக்கிச் சொல்ல ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி நாம் இந்தியாவாகிவிடவில்லை. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 வரை ஆயிற்று. 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் பத்திரங்கள் கைமாறின. இடைப்பட்ட எட்டு வருடமும் ஆட்சி இந்தியாவுடையது, குடியுரிமை பிரான்சுடையது. 1949இல் பிறந்த நானும் பதின்மூன்று வயது வரை பிரெஞ்சுப் பிரஜை!

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் 1962 ஆகஸ்டு 16 முதல் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை நீடிக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எடுத்ததே முடிவு. அந்த ஆறு மாதத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் இரண்டு தேசமாயின. சில குடும்பங்களில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்.

என் அப்பா ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தார். பிரெஞ்சில் அழகான கையெழுத்து. அக்கம்பக்கத்தில் பலருக்கு அந்தப் படிவத்தை அவர்தான் எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. என் நண்பனின் அப்பா சைகோனில் பணியாற்றித் திரும்பிய சொல்தா. அவருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். தனக்கு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

இதை நான் அப்பாவிடம் லேசில் மன்னிக்கவில்லை. நண்பன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கப்பலேறினான். எனக்கு இங்கே குமாஸ்தா வேலை. ஆபீசில் நோட்டு எழுத இங்கிலீஷ் வேண்டும். என்னிடம் இருந்ததோ பிரெஞ்சு. முதல் இரண்டு வருடம் தலைமை எழுத்தரிடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழைய எத்தா சிவில் பதிவேடுகளைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டதால் தப்பித்தேன். "ஏன் எழுதவில்லை?" என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "ஆகட்டும் போ" என்றார். அத்தோடு சரி. அவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆகஸ்டு 15 காலையில் வீட்டு வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு, நண்பனோடு கப்ஸ் கோவிலுக்குப் போனேன். அன்றைக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். 1855இல் கட்டிய கோவில் அது. இளஞ்சிவப்புச் சுவரும் முன்னால் கடலும். பாட்டுக் குழுவோடு சேர்ந்து அவனும் மெதுவாகப் பாடினான். வெளியே வந்தால் அரவிந்தர் பிறந்த நாள் என்று ஆசிரமத்துப் பக்கம் நீண்ட வரிசை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கும் போனோம். ஆடி ஐந்தாம் வெள்ளியில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த தேர். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஆட்சி மாறியும் வடம் பிடிக்கும் வழக்கம் மாறவில்லை. நாதஸ்வரம், பம்பை, மணல், கூட்டம். தடியை ஊன்றிக்கொண்டு தூரத்தில் நின்றே கும்பிட்டான்.

அன்று இரவு எங்கள் மொட்டை மாடியில் கச்சேரி. கச்சேரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய சினிமாப் பாட்டுதான். நான்கு பேராகப் பாடுவோம். ஆர்மோனியம் வாசிப்பவர் பங்குனியில் போய்விட்டார். பெட்டியை அவர் மகன் கொண்டுவந்து வைத்தான். யாரும் திறக்கவில்லை. மூன்று பேரும் வெறும் குரலில் பாடினோம். சுருதி எங்கே நின்றது என்று கேட்காதீர்கள்.

மற்றவர் கிளம்பிய பிறகு நண்பன் சொன்னான்: "உங்க அப்பா எழுதிக் கொடுத்த அன்னிக்கு, 'நீங்களும் ஒண்ணு எழுதிப் போடுங்க முசியே'ன்னு எங்க அப்பா கெஞ்சியிருக்கார். அதுக்கு அவரு, 'என் வீட்டுத் திண்ணையில நான் வெளிதேசத்தானா உட்கார மாட்டேன்'னு சொன்னாராம். எங்க அப்பா சாகுற வரைக்கும் இதைச் சொல்லிக்கிட்டிருந்தார்."

"இத்தனை வருஷமா ஏண்டா சொல்லலே?" என்றேன்.

"நீ கோவமா இருந்தே. அதோட, எங்க அப்பா சாகும்போது நான் அங்க ஏரோப்பிளேனுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். யாரு பண்ணது சரின்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவனுடைய பென்ஷனை நினைத்தால் இன்றும் கொஞ்சம் உறுத்தும். ஆனால், அப்பா பயந்தோ மறந்தோ விடவில்லை, தெரிந்தேதான் விட்டார் என்பது எழுபது வயதுக்கு மேல் எனக்குத் தெரிய வந்திருக்கிறது. அதுவே பெரிது.

அவன் ஊருக்குக் கிளம்பும் முன் பேரனையும் கூட்டிக்கொண்டு கீழூர் நினைவிடத்துக்குப் போய் வந்தோம். மறுநாள் இரவு விமானம். "அடுத்த வருஷம் கால் விட்டால் வர்றேன்" என்றான். விடும் என்று நம்புகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1962, 63இல் எழுதிய பிரெஞ்சுத் தாள் ஏதாவது இருந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது, எழுதாதவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இந்தச் சீசன் முடிவதற்குள் போய்க் கேட்டுவிடுங்கள்.