இதயத்துக்கு ஒரு கதவு

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி மட்டும் வேண்டாம்பா, ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள்" என்று மலர்க்குழுவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் வேறு ஒன்றுதான். என் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வட்டின் சரித்திரம்.

மூன்றாம் ஆண்டில் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் மேம்பாலப் படியேறினாலே எனக்கு மூச்சு வாங்கும். "சிகரெட்டைக் குறைடா மச்சான்" என்று கிண்டல் செய்தவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள்! காரணம் சிகரெட் இல்லை. சிறு வயதில் வந்த தொண்டை வலியும், பின்னாலேயே வந்த காய்ச்சலும் முட்டி வீக்கமும்தான். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சிலருக்குத் தன் இதய வால்வையே எதிரியாக நினைத்துத் தாக்கிவிடும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டை வலிக்கே சரியாகப் பென்சிலின் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். இடப்பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கும். பின்னால் இருக்கும் மேலறை பலூன் மாதிரி வீங்கும். அதன் சுவர் இழுபட்டு மின் ஓட்டம் குழம்பும். அப்புறம் நாடி தாளம் தப்பித்தான் ஓடும்.

1950களில் இதற்கு வேலூர் சி.எம்.சி.யில் வைத்தியம் நடந்தது. அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு ஒட்டிய வால்வைப் பிரித்துவிடுவார்கள். நம்ப முடிகிறதா? ஆனால் கெட்டியாகிப்போன வால்வுக்கு விரல் போதாது, மாற்றத்தான் வேண்டும்.

அங்கேதான் நம் ஆள் வருகிறார். லோவெல் எட்வர்ட்ஸ் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற எஞ்சினீயர்! முழுச் செயற்கை இதயமே செய்யலாம் என்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் சர்ஜனிடம் போனார். முதலில் ஒரு வால்வு செய்யுங்கள் என்றார் அவர். 1960ல் கூண்டுக்குள் பந்து வைத்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு வந்தது. பம்ப் லேபில் பார்த்த பால் வால்வேதான்.

நம் நாட்டில் வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏழைகளுக்குத்தான் ருமாட்டிக் நோய் அதிகம். இதை மாற்ற நினைத்தவர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தின் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். 1970களில் அவரும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் குழுவினரும் சாயும் வட்டு வால்வு ஒன்றில் இறங்கினார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. வெல்டிங் விட்டுப்போனது, தேய்மானம், ஆட்டுக்குப் பொருத்திய சஃபையர் வட்டு உடைந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 72 என்றால் நாளுக்கு 1,03,680 முறை, வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் முறை கதவு திறந்து மூட வேண்டும். மெயின்டனன்ஸ் ஷட்டவுன் கிடையாது! நாலாவது மாதிரியில் ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் உலோகக் கலவைக் கூண்டு, உள்ளே பாலிஎத்திலீன் வட்டு. கூண்டை ஒரே கட்டியிலிருந்து கடைந்தார்கள், வெல்டிங்கே இல்லை. 1990 டிசம்பர் 6ந்தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு நம் சென்னை டி.டி.கே. நிறுவனம் தயாரித்து 1995ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. வலியத்தான் 2024ல் காலமானார்.

வெல்டிங் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பியோர்க்-ஷைலி என்ற புகழ்பெற்ற வெளிநாட்டு வால்வின் ஒரு மாடலில், வெல்டு வைத்த கம்பி உடைந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1986ல் அது சந்தையிலிருந்து போயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், லோடு ஏறி இறங்குகிற இடத்தில் வெல்டிங்கை நம்பக்கூடாது என்று.

எனக்கு இருபத்தாறு வயதில் சித்திரா வால்வு போட்டார்கள். நாடி மட்டும் இன்னும் முழுசாகத் தாளத்துக்கு வரவில்லை. இதில் பயம் துடிப்பைப் பற்றியதல்ல, ரத்தக்கட்டியைப் பற்றியது. துடிக்காமல் நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் தினமும் வார்ஃபரின். அது 1948ல் எலிமருந்தாக வந்த சரக்கு! கெட்டுப்போன தீவனப்புல் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராயப் போய், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழு கண்டுபிடித்தது. 1950களில் மனிதர்களுக்கு மருந்தாயிற்று. புது மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஆகாது. ருமாட்டிக் நோயோடு தாளம் தப்பியவர்களுக்கும் பழைய மருந்து வகையே மேல் என்று 2022ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு சொல்லிற்று.

ஆகவே மாதாமாதம் ஐ.என்.ஆர். டெஸ்ட். அதைவிடக் கஷ்டம் கீரை. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்க்கும், ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லை என்று சாப்பிட்டால் கணக்கே குழம்பும். ரீயூனியன் சாப்பாட்டுக் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள்: கீரைக்கூட்டு போட்டால் என் இலையில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாயசத்துக்கு அந்த விதி இல்லை.